‘விடுக’ என்னும் ஒரு சொல்

மழையும் நெல்லும் பொய்யாத வேங்கைநாட்டின் தலையமைச்சர் நன்னாகனார், மேற்கெல்லைக் காற்றுவாய்க் கணவாயைக் காக்கும் வெண்பூதனாருக்கு வரைவித்த ஓலை. காவலர்தம் குடியும் குதிரையும் நலம் பெறுக. கணவாய்ச் சுனை வற்றாதிருக்க. இவ்விடம் அரண்மனை நலம். அமைச்சர்தாம் நலமில்லை, தங்கள் ஓலை கண்டது முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வறட்சிக்கு அஞ்சி மலைகடந்து வந்த சேந்தி என்னும் நிறைசூலியைப் புறவாயிற் காவலன் உள்ளே விட்டான் என்றும், உள்வாயிற் காவலன் தடுத்தான் என்றும், விட்டவளைத் திருப்பியனுப்பத் தனக்கு ஆணையில்லை என்று முன்னவன் கதவடைத்தான் என்றும், இரு கதவுக்கும் நடுவே அவள் மழையில் நிற்கிறாள் என்றும் எழுதியிருந்தீர். கேட்டால் இருவருமே கணவாய்ப் பாறையில் வெட்டிய அரசாணையைக் காட்டுகிறார்களாம். ‘கணவாய் வழி வந்தாரை விடுக.’ அவ்வளவே ஆணை.

அதை வெட்டுவித்தவர் மன்னரின் பாட்டனார். ஏரி வெட்ட ஆளில்லாத காலம் அது. விடுக என்றால் உள்ளே விடுக என்றே கொண்டனர், வந்தவர் கைபட்டு நம் ஏரிகள் எழுந்தன. தந்தையார் காலத்தில் போர் மூண்டது, ஒற்றர் புகுந்தனர். விடுக என்றால் விட்டொழிக என்று அதே கல்லைக் காட்டிக் கதவடைத்தனர். கல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இன்றைய மன்னரோ, பாசறைக்குப் புறப்படுகையில், குடிபுகுவார் திறத்தில் முன்னோர் வழியே நடக்க என்று திருவாய் மலர்ந்தருளினார். எந்த முன்னோர் என்று அமைச்சர் கேட்பதற்குள் குதிரை கோட்டைவாயிலைத் தாண்டிவிட்டது.

அவை கூடியது. புலவர் பெருமகனார், அம்பு விடுவதும் விடுதல், கைவிடுவதும் விடுதல், இரண்டும் இலக்கணத்துக்கு ஒக்கும் என்று உரைத்து உண்ணச் சென்றார். ஒருத்தியை விட்டால் ஓராயிரம் பேர் வருவர் என்றார் படைத்தலைவர். வரட்டும், கரையுயர்த்த ஆள் வேண்டும் என்றார் ஏரிக்காவலர். இருவர் சொல்லிலும் மெய் இருந்ததே அமைச்சரின் தலைவலி. ஒற்றரையும் ஏதிலியரையும் முகம் பார்த்துப் பிரிக்கும் கண் அவருக்கில்லை, எவருக்குத்தான் உண்டு? இருதலைக்கொள்ளி எறும்பாய் அவர் தவித்தார்.

அப்போது தங்கள் இரண்டாம் ஓலை வந்தது. சேந்திக்கு நோவு கண்டதென்றும், “உள்ள போன்னா போறேன், வெளிய போன்னா போறேன், நடுவாசல்ல நின்னுக்கிட்டு எப்படிய்யா பெத்துக்கறது?” என்று அவள் கேட்டாளென்றும் அவள் சொல் மாறாமல் எழுதியிருந்தீர். படித்த அமைச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகலின் ஆணை. உள்வாயிலைத் திறந்து அவளை உள்ளே கொள்க. மருத்துவச்சியை அழைத்து, உலர்ந்த துணியும் கஞ்சியும் தருக. பாறையின் சொல்லுக்குப் பொருள் இன்னதென்று அமைச்சர் இன்னும் அறிந்திலர். மன்னர் மீண்டு சினந்தால், போகும் தலை அவருடையது, தங்களுடையதன்று. அடுத்து வருவாரை என்செய்வதென்று கேட்டு இப்போதே ஓலை போக்கற்க, அவருக்குத் தெரியாது.

இஃது அமைச்சர் தம் விரலாழியால் பொறியிட்ட ஓலை. கண்ட கையோடு கதவு திறக்க.

பொறியிட்டபின் தோன்றியது ஒன்று: பிறக்கும் பிள்ளைக்கு ஊர் எதுவென்று எவரேனும் வினவின், வினவியவர் ஊரையே சொல்லுக.