அப்பா குலுக்கின பாட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. என் மணிக்கட்டுச் சுளுக்கையும் அப்பாவோட கண்ணையும் விட்டா இங்க எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாத் தூங்கறீங்கன்னு நினைச்சுக்கறேன். இதைப் போன்ல சொல்லலாம்னு பார்த்தேன், ஆனா நீ எப்பவும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கிட்டே பேசற, இது ஓடிக்கிட்டே கேக்கற விஷயம் இல்ல பாப்பா.

சர்க்கரை வியாதி அப்பாவோட பார்வையைக் கொண்டுபோனதுக்கு அப்புறம் வீடு எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நான் முழுசாச் சொல்லல, தூரத்துல இருக்கற பொண்ணு மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன். பஸ் டிப்போவுல பெரிய மெக்கானிக்கா இருந்து அத்தனை பேரை வேலை வாங்கின மனுஷன், கட்டில்ல சுவரைப் பார்த்து உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். ரேடியோ போட்டா நிறுத்துன்னுவார். கூட வேலை பார்த்த டிரைவர் மீசைக்காரர் வந்தா, தூங்கற மாதிரி படுத்துக்குவார். டாக்டர் பச்சைக் காய்கறி நிறையக் குடுக்கச் சொன்னார், தட்டை வெச்சா நான் என்ன ஆடா மாடான்னு தள்ளிவிடுவார். இப்படியே போனா ஆள் தேறமாட்டாரேன்னு நான் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுத நாளும் உண்டு.

அப்பதான் நீ பச்சைக் காய்கறி மேல ஊத்திச் சாப்பிடற டிரெஸ்ஸிங் செய்யறதைச் சொன்ன, கடையில வாங்கறதுல சக்கரையும் வாயில நுழையாத பேர்ல என்னென்னவோ கலக்கறாங்க, வீட்டுலயே பண்ணுன்னு. அப்பாகிட்ட சொன்னதும் வெள்ளரிக்காய்க்கு எதுக்கு டிரெஸ்ஸு, அது பாட்டுக்கு இருக்கட்டுமேன்னார். சிரிக்காமத்தான் சொன்னார், ஆனா எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த கேலிப் பேச்சு. நானும் நீ சொன்ன மாதிரியே எள்ளை வாசம் வர வறுத்து அரைச்சு, நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு, சோயா சாஸ் கொஞ்சமா, துருவின இஞ்சி, நசுக்கின பூண்டு, தேன் பேருக்கு ஒரு சொட்டு, எல்லாத்தையும் காலி ஜாம் பாட்டில்ல ஊத்தி மூடினேன். மூடியை எப்படியோ இறுக்கிட்டேன், ஆனா குலுக்கறதுக்குச் சுளுக்கின கை ஒத்துழைக்கல. பாட்டிலை அப்பா கையில வெச்சு, கொஞ்சம் குலுக்கிக் குடுங்களேன்னேன். முணுமுணுத்துக்கிட்டேதான் குலுக்கினார்.

போதும் குடுங்கன்னு கையை நீட்டினேன். இரு, இன்னும் சேரல, சாறு தனியா ஓடுதுன்னார். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா நிஜமாவே மேல எண்ணெய் மிதக்குது! மறுபடி வாங்கிக் குலுக்கினார். அப்ப அவர் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சாரு பாரு, டிப்போவுல இன்ஜின் பக்கத்துல நின்னு சத்தம் கேப்பாரே, அதே சாய்ப்பு. கொஞ்ச நேரத்துல சட்டுன்னு நிறுத்தி, இப்ப சேர்ந்துடுச்சு, சத்தம் கனத்துப்போச்சுன்னார். பார்க்கறேன், எண்ணெய் எது சாறு எதுன்னு தெரியாம வெண்ணெய் மாதிரி ஒண்ணா நிக்குது. இத்தனை வருஷமா சமைக்கறேன், எதையும் கண்ணால பார்த்துத்தான் பதம் சொல்லியிருக்கேன். நம்பமுடியாம அதைப் பிரியவிட்டு, திரும்பத் திரும்பக் குடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பல. அவர் பாட்டுக்கு மூடியைத் திறந்து மோந்து பார்த்து, விரல்ல தொட்டு நாக்குல வெச்சு, புளிப்பு முன்னாடி நிக்குது, இஞ்சி போதலன்னார். அன்னைக்கு வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ் கிண்ணம் முழுக்க அவர் வயித்துக்குள்ள போச்சு.

மறுநாள் என்னை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போன்னார். இஞ்சியை அவரே துருவினார், விரல்ல பட்டுடுமோன்னு நான் கிட்டயே நின்னேன், அவர் தோலை விரலாலயே தடவித் தெரிஞ்சுக்கிட்டார். அப்புறம் மீசைக்காரர் வந்தப்ப படுத்துக்கல. உள்ள வாய்யான்னு கூப்பிட்டு, அவர் காதுகிட்ட பாட்டிலைக் குலுக்கி, இப்ப எப்படி, இப்ப எப்படின்னு கேட்டார். அவரு, எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்கு அண்ணேன்னு முழிக்கவும், அப்பா சிரிச்ச சிரிப்பு வாசல்வரைக்கும் கேட்டுச்சு. அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டுத்தான் மீசைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார், டிப்போவுல ஒரு புது பஸ் மேடு ஏறும்போது உதறுது, யாருக்கும் பிடிபடல, நீங்க வந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கறீங்களான்னு.

நேத்து காலையில, தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு, மீசைக்காரர் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் போனார் பாப்பா. நான் வாசல்லயே நின்னேன். சாயங்காலம் கை நிறைய கிரீஸோட வந்து நிக்கறார். கண்டுபிடிச்சீங்களான்னேன். இல்ல, இன்னும் பிடிபடல, நாளைக்கும் போகணும்னார். தோத்துட்டு வந்த மனுஷன் முகம் அவ்வளவு பிரகாசமா இருந்து நான் பார்த்ததே இல்ல. இன்னைக்கும் போயிருக்கார்.

நீ எதையும் யோசிச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் வாழணும். சக்கரை நம்ம குடும்பத்து வியாதி, இந்த மாசமே ரத்தம் குடுத்துப் பார்த்துட்டு எனக்கு எழுது, சாக்கு சொல்லாதே.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற,
அம்மா