சரோஜாவுக்கு ஒரு குழாய்க் கூண்டு

4.9.60, ஞாயிறு

விடிகாலையில் சுமத்ரா காற்று. அரை மணி ஆட்டம் போட்டுவிட்டு ஓய்ந்தது. சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் முக்கால்வாசி சாக்கடையில்.

பத்து மணிக்குக் காதர் பாய் லாரி. இரண்டு பெரிய மரப்பெட்டி. கப்பலேறிப் போன ஒரு துரையின் பங்களாச் சாமானை மொத்தமாக எடுத்தவர் பாய். இது மட்டும் விலைபோகாமல் ஜாலான் துக்காங் எமாஸ் கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததாம். துரையின் மனைவி ஆர்க்கிட் வளர்க்க வரவழைத்தது. ஆணிகூடப் பிடுங்கவில்லை.

"என்னா சாமான்னு எனக்கே சரியாத் தெரியலண்ணே. தோட்டத்துல நிறுத்துற வீடாம். பூவு குடியிருக்கலாம்னா மனுசன் குடியிருக்கக் கூடாதா? எடுத்துக்குங்கலா."

பாய்க்கு என் நிலைமை தெரியும். என் மனைவி சரோஜா டி.பி. வார்டுக்குப் போய் ஒன்றரை வருஷம். சளியில் இப்போது கிருமி இல்லை, வீட்டுக்கு விடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் தனி அறை வேண்டும், காற்று வேண்டும், பிள்ளைகளோடு படுக்கக் கூடாது. எங்களுக்கு உள்ளதோ ஒரு அறை, ஒரு கூடம். தனி இடம் இல்லையென்றால் வடக்கே சானடோரியம். 14ஆம் தேதி ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி வந்து வீட்டைப் பார்ப்பாள்.

வடக்கே போய்த் திரும்பியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அனுப்ப மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

6.9, செவ்வாய்

புழுக்கம். உஜோங் பாசிர் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் மூன்று பேர். ஒருவன் என்னையே முறைத்தான். செக்கர் வேலையில் பத்து வருஷம் இருந்தால் கோயிலில் நிற்பவர்கூட ஓசியில் வந்தவராகத் தெரிகிறது.

சாயந்திரம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே:
இரும்புக் குழாய், கட்டுக் கட்டாக.
நட்சத்திரம் மாதிரி தகடுகள். நட்டு, போல்ட் மூட்டை.
முக்கோணமாக வெட்டிய பிளாஸ்டிக் தாள்.
படம் ஒன்று, ஓரம் கரையான் தின்றது.

படத்தில் சட்டி கவிழ்த்த மாதிரி ஒரு கூண்டு. சுவரும் இல்லை, கூரையும் இல்லை, முழுக்க முக்கோணம். குழாய்கள் மூன்று அளவு. நுனியில் சிவப்பு, நீலம், மஞ்சள் பெயின்ட். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் அரை விரல்கூட வித்தியாசம் இல்லை. நிறத்தைப் பார்த்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டில் ஒன்று, முக்காலி ஒன்று தாராளமாகப் போடலாம்.

வீட்டுக்காரம்மா மாக் லெட்சுமி வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள். கையில் பூஜைத் தட்டு, வாயில் மலாய். தலைமுறை தலைமுறையாய் இங்கேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம், தமிழ் வராது. "ரூமா ஆயாம் கா?" என்றாள். கோழிக்கூடா என்று கேட்கிறாள்! சரோஜாவுக்கு என்றேன். "கெசியான்," என்றாள். பாவமாம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எரிகிறது. ஆனாலும் கொல்லையில் நிறுத்த இடம் கொடுத்துவிட்டாள்.

என் அக்கா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரோஜா போனதிலிருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பது அக்காதான். அவள் இல்லையென்றால் நான் நடுத்தெருவில்.

9.9, வெள்ளி

வார்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சரோஜா சிரித்தாள். "முக்கோணத்துலயா வீடு? கொசு எந்த மூலைன்னு தெரியாம முழிக்கும்." பிறகு சின்னவள் வசந்தியைப் பற்றிக் கேட்டாள். பல் எல்லாம் வந்துவிட்டதா, தலை வாரிக்கொள்கிறாளா, இப்படி. பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. விட்டுவிட்டுப் போனபோது வசந்திக்கு ஒன்றரை வயது. இப்போது மூன்று.

"என்னக் கேக்குறாளா?"

"கேக்காம இருப்பாளா," என்றேன். பொய்.

11.9, ஞாயிறு

கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று நான் டூட்டி. அக்கா அந்தக் குழாய் அத்தனையையும் கிணற்றடியில் போட்டு, சாம்பலும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறாள். சிவப்பு இல்லை, நீலம் இல்லை, மஞ்சள் இல்லை.

அவளுக்கு இது பழக்கம். சரோஜாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதையும் தேய்க்காமல், கொதிக்க வைக்காமல் உள்ளே விடமாட்டாள். மூத்தவன் ராஜுவின் சிலேட்டைக்கூட வெந்நீரில் போட்டவள்.

வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான், எந்தச் சீக்கு ஒட்டியிருக்கோ என்றாள்.

கண்ணால் பார்த்து மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். கீழ் வட்டம் வந்தது. இரண்டாவது வட்டம் இழுத்துப் பிடித்து வந்தது. மூன்றாவதில் வாய் பிளந்துகொண்டு நின்றது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தெறிக்கிறது. போல்ட் ஒன்று பறந்து காதோரம் கீறல். காதர் பாய் வந்து பார்த்துவிட்டு, "அளவு மாறிப்போச்சுண்ணே. கழட்டுறதத் தவிர வழி இல்லலா," என்றார். கழற்றினோம். இருட்டிவிட்டது.

அவர் போனதும் அக்காவிடம் கத்தினேன். "வேணும்னேதானே செஞ்சே?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"வேணும்னு செய்யலடா. ஆனா அது நிக்காமப் போனா நான் அழ மாட்டேன். போதுமா? எங்க வீட்டுக்காரரு இருமி இருமிச் செத்தத நீ பாக்கல. பக்கத்துல இருந்து சளித் தட்டப் புடிச்சது நான். அவ மேல எனக்கு என்ன வெறுப்பு? இந்தப் பிள்ளைங்களுக்கு வந்துருச்சின்னா என்னால இன்னொரு தடவ முடியாதுடா."

அத்தான் செத்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன்.

12.9, திங்கள்

லீவு சொல்லி ஆள் அனுப்பினேன். திட்டுவார்கள், திட்டட்டும்.

குழாய் ஒவ்வொன்றாகச் சுவர் ஓரம் நிறுத்தி, பலகை வைத்து உயரம் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். குழாயை எடுத்துக் கொடுத்தாள், நான் பார்த்தேன். நீளம் ஒரு பக்கம், நடு ஒரு பக்கம், குட்டை ஒரு பக்கம். குட்டைக் குழாய்களுக்குச் சமையற்கட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து வந்து அவளே பூசினாள்.

முதுகு ஒடிகிறது. குழாய் எல்லாம் பிரித்தாயிற்று.

13.9, செவ்வாய்

லீவு இரண்டாம் நாள். காதர் பாய் கடையை மூடிவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் உச்சி கூடிவிட்டது. கடைசித் தகட்டில் போல்ட் தானாக நழுவி உட்கார்ந்தது. பாய் மேல் குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. "யா அல்லா, யானையே ஏறலாம்லா!"

பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வெந்துபோவாள். மேலே மட்டும் போட்டு, அதன்மேல் அத்தாப்பு ஓலை. கீழ் முக்கோணங்களுக்குக் கொசுவலைத் துணி. கதவு ஒரு முக்கோணத்தில், சமையற்கட்டைப் பார்த்தபடி. படுத்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றிய யோசனை.

14.9, புதன்

மிஸ்ஸி வந்தாள். மலையாளத்துப் பெண், கறாரான முகம். சுற்றி வந்தாள். குனிந்து உள்ளே போய் நின்றாள். தட்டு, குவளை தனியாக வைக்க இடம் கேட்டாள். காட்டினேன்.

"ஊசிக்குப் பதிலா ரெண்டு வேளை மாத்திரை. வெயில் நேரம் ஓய்வு. பிள்ளைங்க உள்ள வரக் கூடாது. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க."

பிறகு டூட்டிக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஓசிக்காரன் ஒருவனை இன்று விட்டுவிட்டேன்.

17.9, சனி

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. பாயின் லாரியில் சரோஜா. முன்சீட்டில் ஒரு குழந்தை அளவுதான் இடம் பிடித்தாள். சேலை அவளைச் சுற்றிக்கொண்டு நின்றது.

வீட்டுக்குள் நுழையவில்லை. அவளாகவே பக்கவாட்டில் நடந்து கொல்லைக்கு வந்தாள். சமையற்கட்டு வாசலில் ராஜு, அக்கா, அக்கா இடுப்பில் வசந்தி. ராஜு அம்மா என்று ஓடிவந்து பாதியில் நின்றான். நிற்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

வசந்தி அக்காவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மா, அது யாரும்மா?"

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் அத்தைடி, அத்தை. அதுதான் உங்கம்மா," என்றாள். வசந்தி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சரோஜா சிரித்தாள். கூண்டுக்குள் போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. காத்து வருது," என்றாள். நான் எதற்குச் செத்துச் செத்து இதைக் கட்டினேனோ, அது நடந்துவிட்டது. இரவு சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

18.9, ஞாயிறு

வெயில். காலையில் கஞ்சி கொண்டுபோனேன். இரவு இருமல் இல்லை என்றாள். தூங்கினாயா என்று கேட்டேன், குவளையை வாங்கிக்கொண்டாள்.

சமையற்கட்டில் அக்கா வசந்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள்ளிருந்து எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது. அம்மா இது, அம்மா அது. அக்கா ஒவ்வொரு தடவையும் அத்தை என்று திருத்துகிறாள். குழந்தை விடுமா.

"இந்தக் கதவ வேலிப்பக்கம் மாத்த முடியுங்களா?" என்றாள் சரோஜா.

"ஏன், வெயில் படுதா?"

"வெயில் இல்லீங்க." கஞ்சிக் குவளையைக் கீழே வைத்தாள். "அவ அண்ணிய அம்மான்னு கூப்புடுறா. கூப்புடட்டும். இன்னும் எத்தன நாளு நான் தொட முடியாதோ, அதுவரைக்கும் அவளுக்கு ஒரு அம்மா வேணும்ல? ஆனா நான் இங்க படுத்துக்கிட்டு அதப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

முக்கோணம் எல்லாம் ஒன்றுபோலத்தான். எந்தப் பக்கமும் மாட்டலாம். ஸ்பேனரை எடுத்தேன்.

"என்னடா, நல்லாத்தானே இருந்துச்சி?" என்று அக்கா அங்கிருந்து கேட்டாள். வெயில் என்று சொன்னேன்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. இப்போது அவளுக்குத் தெரிவது வேலியும் மாக் லெட்சுமியின் வாழையும். பழைய இடத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டேன்.

நான்கு மணிக்கு வசந்தி முதல் தடவையாகத் தானாகவே கூண்டுவரை வந்தாள். கையில் ஒரு செம்பருத்தி. நேற்று வாசல் இருந்த இடத்தில் நின்று துணியைத் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கதவு எங்கப்பா?"