அடைக்கு முட்டை வைக்கிற கை

அத்தை,

திருவெறும்பூரில் மகன் வீட்டுக் கொல்லையில் செவலைக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இன்று காலை அதன் வயிற்றுக்கடியில் கைவிட்டேன். சிலிர்த்துக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது. அந்தச் சூடு கையில் பட்டதும் நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டீர்கள். செத்து இத்தனை வருஷமாகியும் கோழிக்கூட்டுப் பக்கம் என்னைத் தனியாக விடுவதில்லை நீங்கள்.

நான் மருமகளாக வந்த லால்குடி வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோழிகள் அடைக்கு உட்காரும். ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் விட்டுக் கம்பு இறைப்பீர்கள். நின்று நிதானமாகத் தின்பதைத் தள்ளிவிடுவீர்கள். நாலு கொத்து கொத்திவிட்டுக் கூட்டுக்கு ஓடுவதைத்தான் பிடிப்பீர்கள். "தீனிக்கு நிக்கிறவ முட்டைய ஆறப் போட்டுருவா. ஓடுறா பாரு, அவள வை" என்பீர்கள். அதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு தடவை கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஆணியும் கரித்துண்டும் வைத்தது நான். முதல் பிள்ளை செத்துப் பிறந்து, மார்பில் பால் கட்டிக் கிடந்த நேரம். முட்டையை எடுக்கக் கை நீட்டினேன்.

"நீ தொடாத. உனக்கே தங்கல. நீ வச்சா அத்தனையும் கூமுட்டையாப் போவும்."

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். நீங்கள் உங்கள் கையால் வைத்ததிலும் கூமுட்டை இருந்தது அத்தை. யாரும் பார்க்கவில்லை என்று எருக்குழியில் புதைத்தீர்கள். நான் பார்த்தேன்.

அப்புறம் எனக்குப் பிள்ளைகள் பிறந்ததும், "வாம்மா, நீயே வை" என்று கூப்பிட்டீர்கள். நீங்கள் இருந்தவரைக்கும் நான் ஒரு முட்டைகூட வைக்கவில்லை.

தென்னூரில் வாழ்க்கைப்பட்ட பேத்தி இப்போது இங்கேதான் இருக்கிறாள். கரு கலைந்து, உடம்பு தேற வந்தவள். யாரோடும் பேச்சில்லை. இன்று நான் கூடையைத் தயார்செய்யும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு முட்டையை எடுத்தாள்.

"அப்பாயி, நான் வைக்கட்டா?"

என் வாய் திறந்தது. 'நீ தொடாத' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் குரல் இல்லை, உங்களுடையது. அதே இழுப்பு. பல்லைக் கடித்து அதைத் தொண்டையிலேயே நிறுத்தினேன்.

"ஏன் அப்பாயி ஒரு மாதிரி பாக்குற? நான் வைக்கக் கூடாதா?"

அந்த முகம் எனக்குத் தெரியும். அது என் முகம்.

"எவ சொன்னா? எல்லாத்தையும் நீதான் வைக்கணும். ஒண்ணு ரெண்டு பொரிக்காமப் போனா அது சேவலோட குத்தம்டி, உன் குத்தம் இல்ல."

வைத்தாள். கோழியைத் தூக்கி மேலே உட்காரவைத்தபோது செவலை சுருக்கென்று கொத்தியது. "ஆ, பிசாசு!" என்று கையை உதறிச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோழி பார்க்கிற கண்ணும் உங்களுடையது, என் தொண்டையில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சொல்லும் உங்களுடையது. கண்ணை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போவேன். சொல்லை வெளியே விடமாட்டேன். அங்கே வரும்போது உங்களிடமே கொண்டுவந்து தருகிறேன்.