கத்த முடியாத மதியம்

என்னங்க,

லீவு போட்டுவிட்டுப் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறீர்கள். நேரில் வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கூடத்தில் நம் மகளும் என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் இப்போதுதான் கண் அசந்திருக்கிறார்கள். கத்தினால் எழுந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்த அனுமதி கேட்டு நாயாய் அலைந்தது நான். முதலுதவிப் பயிற்சிக்குப் போனது நான். பிளக் ஓட்டைகளை அடைத்து, மேசை முனைகளில் ரப்பர் ஒட்டி, அடுக்களை வாசலில் தடுப்புக் கதவு போட்டதும் நான்தான். காலையில் வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி அம்மா, "பிள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"இவதான் மேடம். வீட்டுல சும்மாதானே இருக்கா!"

எனக்குச் சிபாரிசு செய்வதாக நினைப்பு! அந்த அம்மா என் இடுப்பில் இருந்த குழந்தையையும் கையில் இருந்த ஈரத்துணியையும் பார்த்துவிட்டு, "சும்மாவா?" என்றார். அதற்கும் சிரித்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லவேளை, அனுமதி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை திறக்கிறேன். மாலை ஆறு மணிக்கு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நம் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டித் தூங்கவைக்க ஓர் ஆள் வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
வேலைக்குப் போகிறவள்

பி.கு.: காபி போட எழுந்து வருவீர்கள். தடுப்புக் கதவைத் திறக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடாதீர்கள். பிள்ளைகள் தூங்குகிறார்கள்.