ஆரத்தி முடியும்வரை

அத்தைக்கு அலமேலுவின் நமஸ்காரம். கால் வீக்கம் வடிந்ததா? பெருமாள் அருளால் நான் நலம்.

நேற்று மயிலாப்பூரில் விசாலாக்ஷி மாமி, நான் செய்துகொடுத்த பூஜை அலமாரியில் வெண்கல விக்கிரகங்களை வைத்து விளக்கேற்றினார். உடனே அலமாரித் தட்டுக்கடியில் ‘டக்’கென்று சத்தம். தட்டைப் பக்கப் பலகையோடு இணைக்கும் சாய்வுத் துளைக்கு, அடிப்பக்கம் தட்டையான தலையுள்ள ஸ்க்ரூதான் போட வேண்டும். கடையில் இல்லையென்று நான் போட்ட ஜிப்சம் பலகைக்கான மெல்லிய கறுப்பு ஸ்க்ரூவின் தலை பாரம் தாங்காமல் ஒடிந்துவிட்டது.

“மாமி, தப்பான ஸ்க்ரூ போட்டுட்டேன். தட்டு விழுந்துடும், சுவாமியை இறக்கிடலாம்!”

“ஆரத்தி ஆகாம எறக்கப்படாது. தப்பு பண்ணது நீதானே, நீயே பிடிச்சுக்கோ!”

முக்கால் மணி நேரம் இரண்டு கைகளாலும் தட்டைத் தாங்கி நின்றேன். ஒரு விக்கிரகமும் அசையவில்லை. இன்று எல்லா ஸ்க்ரூவையும் மாற்றிவிட்டேன்.

பயப்பட வேண்டாம். நீங்கள் காய்ச்சும் தைலம் மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள். முதுகில் எனக்கு எட்டாத இடத்தில்தான் வலி.

பட்டறைக்கு நேரமாகிறது.