வாசலுக்கு மேலே இருந்த பலகை

அன்பு மகன் றிஸ்விக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உயிரோடு இருக்கிறோம், ஸுகம் என்று எழுதத்தான் இந்தத் தடவை கை வரவில்லை. நீ அந்தக் குளிரில் ஸுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். இந்தக் காலத்தில் உம்மா பேனா பிடிக்கிறாளே என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பை அரசாங்கம் நிறுத்தி வைத்திருக்கிறது, சாதாரணமாகப் போன் கோல் எடுத்தால் வாப்பா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சொல்லப்போவது அவருக்குக் கேட்கக் கூடாது. உன்னோடு வேலை செய்கிற தாஸிம் லீவு முடிந்து போலந்துக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

தெல்தெனியப் பக்கம் சிங்களவர்களுக்கும் நமக்கும் பிரச்சினை கிளம்பினதும் நம்முடைய புடவைக் கடையை எரித்ததும் வாப்பா சொல்லித் தெரிந்திருக்கும். அவர் சொல்லாதது வீட்டில் நடந்தது. அன்றைக்குப் பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா வேலியால் ஓடி வந்தார். பாதி சிங்களம் பாதி தமிழில், நங்கி, தங்கச்சி, வாசலுக்கு மேல இருக்கிற அந்தப் போர்டைக் கழட்டுங்க, அதப் பாத்துப் பாத்துத்தான் வீடு தேடுறாங்க என்றார். எந்தப் பலகை தெரியும்தானே? ‘இது என் றப்பு அல்லாஹ்வுடைய அருள்’ என்று அறபியில் எழுதினது, உன் முதல் சம்பளத்தில் வாங்கி நீயே ஆணி முடுக்கினது. வாப்பா கதிரையில் ஏறிக் கழற்றினார், ஓர் ஆணி கை நழுவி விழுந்து அலுமாரிக்கு அடியில் போய்விட்டது, தேட நேரமில்லை. மெனிக்கே அக்கா பலகையைப் பழந்துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் தன் வீட்டு நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தார். அஸர் தொழுகை நேரம் தாண்டி அந்தக் கடை எரித்த கூட்டத்தார் வந்தார்கள். நம் கேற்றுக்கு முன்னால் நின்று தலையைத் தூக்கி வாசலுக்கு மேலே பார்த்தார்கள். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளை வெளேரென்று தெரிந்துகொண்டிருந்தது மகன், எனக்குக் கலிமாகூட வாயில் முழுசாக வரவில்லை. பிறகு அப்படியே போய் நளீர் காக்கா வீட்டை உடைத்தார்கள். அவர் வீட்டில் பலகை இருந்தது. அவரும் பிள்ளைகளும் பின்பக்கத்தால் ஓடித் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் தப்பினதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை.

இப்போது சந்தியில் ஆமிக்காரர் நிற்கிறார்கள், சத்தம் இல்லை. ஆனால் வாப்பா வீட்டை விற்க ஆள் பிடித்துவிட்டார். இனி இங்க இரிக்க ஏலா, அக்குறணைக்குப் போனா நம்மட ஆக்களுக்கு நடுவுல நிம்மதியாத் தூங்கலாம் என்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆயுசு முழுக்க நின்ற கடை சாம்பலாகிக் கிடப்பதைப் பார்த்த மனுசன். வீடு உன் பேரில் இருப்பதால் உன் ஒப்பம் வேண்டும், அதற்கான கடதாசிகளையும் தாஸிமிடம்தான் கொடுத்திருக்கிறார். ஆக, ஒரே பையில் வாப்பாவின் கடதாசியும் வருகிறது, என் கடிதமும் வருகிறது.

எனக்குக் கண் மூடினால் உன்னுடைய அந்த ஊர்தான் வருகிறது, பேர்தான் என் வாயில் நுழையாது. நீ அப்பிள் பெட்டி அடுக்கப் போகிறதும், நடு ஊரில் சதுரமான சந்தையும், வியாழக்கிழமையில் முட்டையும் தோட்டத்துக் கோவாவும் கொண்டுவந்து விற்கிற பெண்களும், ஞாயிற்றுக்கிழமை சேர்ச் மணியும் எல்லாம் நீ காட்டித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சந்தையைச் சுற்றியிருந்த கடைகளில் பாதி ஒரு காலத்தில் யூதர்களுடையது, சனிக்கிழமையானால் பாதி ஊர் மூடிக் கிடக்கும், ஜெர்மன்காரன் வந்து அத்தனை பேரையும் ரயிலில் ஏற்றிக் கொல்லக் கொண்டுபோனான், அவர்கள் தொழுத இடத்தில் இப்போது நெருப்பணைக்கிற லொறி நிற்கிறது என்று நீ சொன்னபோது நான் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுக் கறிக்கு உப்புப் போடப் போனேன். உன் அறை வாசல் நிலையில் சாய்வாக ஒரு பள்ளம் இருக்கிறது, தச்சன் விட்ட பிழை என்று நினைத்து, நான் தந்த ஆயத்துல் குர்ஸி ஓதல் வசனத்தை நீ அதிலேயே மாட்டினாய். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரி அதைக் கண்டு வெளிறிப்போய், நீ யார், பழைய ஆட்களுடைய வாரிசா, வீட்டைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறாயா என்றாளாம். முந்தி இருந்த யூதக் குடும்பம் தங்கள் வேத வசனத்தை வைத்து ஆணியடித்த இடம் அது என்று பிறகுதான் உனக்குத் தெரிந்தது. அவர்கள் யார் என்று கேட்டதற்கு, பேக்கரி வைத்துப் பாண் சுட்டவர்கள் என்று மட்டும் சொன்னாளாம். அவள் பயந்த பயத்தை நினைத்து அன்றைக்கு நாம் இரண்டு பேரும் போனில் சிரித்தோமே, இப்போது நினைத்தால் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களும் நம்மைப் போல வாசலில் வசனத்தை வைத்துவிட்டு உள்ளே சமைத்துச் சாப்பிட்ட ஆட்கள்தானே.

நேற்றுப் பட்டப்பகலில் மெனிக்கே அக்காவிடம் போய்ப் பலகையைத் தாங்க என்றேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க நங்கி என்று கையைப் பிடித்தார், நான் கேட்கவில்லை. துணியைப் பிரித்து, ரோட்டால் எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்தேன். உனக்கு விசரா குல்சும், நம்மள எரிக்கப் பாக்கிறியா என்று வாப்பா கத்தினார், கத்திக்கொண்டே வந்து நான் விழாமல் கதிரையையும் பிடித்துக்கொண்டார். மூன்று ஆணிதான் இருந்தது, ஒரு மூலை கொஞ்சம் தொங்குகிறது. மெனிக்கே அக்கா ரோட்டில் நின்று, இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க என்று அழுதழுது சொன்னார். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே மகன், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

தொப்பி போடாமல் வெளியே போகாதே, கடையில் விற்கிற சொசேஜஸை என்ன இறைச்சி என்று கேட்காமல் வாயில் வைக்காதே, ஜும்ஆவை விடாதே. அல்லாஹ் உன்னை எந்த ஊரிலும் முகம் வாடாமல் வைத்திருக்கட்டும், ஆமீன். ஒப்பம் போட முன்னம் எனக்காக ஒன்று செய். அந்த வீட்டுக்காரியிடம் போய்ப் பாண் சுட்டவர்களுடைய பேர் என்ன என்று கேள். வீட்டை விட்டுப் போனவர்களுடைய பேராவது அங்கே மிஞ்சுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு பேராவது அவளுக்குத் தெரிந்திருந்தால் வாப்பா சொன்னபடி ஒப்பம் போடு, நான் வாய் திறக்காமல் அக்குறணைக்குப் போகிறேன். தெரியாவிட்டால் கடதாசியை அப்படியே திருப்பி அனுப்பு.

உன் உம்மா,
உம்மு குல்சும்
குண்டசாலை, நம்முடைய வீடு