ஐந்தில் ஓடும் மின்விசிறி

அம்மா,

இன்று மத்தியானம் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தபோது மின்விசிறி ரெகுலேட்டரின் குமிழ் உருண்டு வந்தது. அதன் ஓரத்தில் உன் விரல் மஞ்சள் இன்னும் போகவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஒரே கூடம், ஒரே மின்விசிறி. உனக்கு ஐந்து, அப்பாவுக்கு இரண்டு. அடுப்படியில் நின்று வெந்துவிட்டு நீ வருவாய். அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கோ அதே காற்றில் தும்மல் பிடித்துக்கொள்ளும். குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மனு கொடுத்தால் பரிசீலிக்கப்படும் என்று நான் அறிவிப்பேன். எனக்குக் காற்று மந்திரி என்று பட்டம் கொடுத்தவள் நீ. நான் உன் விசிறி, அம்மா என்றேன் ஒருநாள்.

"அப்படின்னா சுத்து. நின்னுண்டு பேசாதே" என்றாய்.

நம் கரமனை வீடு முன்பெல்லாம் இப்படிச் சுட்டதில்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்க வழியில்லை. ஆனால் வாசலில் நுழையும் காற்று நடு முற்றம் வழியாக மேலேறிப் போகும், அடுக்களை ஆவியையும் கூட்டிக்கொண்டு. சாரலும் காக்கை எச்சமும் தொல்லை என்று அப்பா முற்றத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஷீட் போட்டு அடைத்தார். வெளிச்சம் வரும், தண்ணீர் வராது என்று தெருவுக்கே காட்டிப் பெருமைப்பட்டார். வெளிச்சத்தோடு வெயிலும் வந்தது. வந்த சூடு வெளியே போகவில்லை.

"குக்கருக்குக்கூட ஒரு விசில் உண்டு. இந்த ஆத்துக்கு அதுவும் இல்லே" என்றாய்.

ஷீட்டை எடுக்க மனமில்லாமல், கிழக்கேகோட்டைக் கடையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற கூலர் ஒன்றைக் கொண்டுவந்தார் அப்பா. ஏற்கெனவே வேர்வை காயாத ஊர். சாயங்காலத்துக்குள் அப்பளம் நமத்தது, என் சீருடை நமத்தது. இது கூலர் இல்லை, குளம் என்றேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

மருந்து ஆரம்பித்ததும் அது உனக்குள்ளேயே ஓர் அடுப்பை மூட்டிவிட்டது. புடவையை விட்டு நைட்டிக்கு மாறினாய். நெற்றியில் எப்போதும் ஈரத் தோர்த்துத் துண்டு. ஏ.சி. வைக்கலாம் என்றார் மாமா. கதவை மூடினாலே உனக்கு மூச்சு முட்டியது. ஐந்துக்கு மேல் எண் இல்லாத ரெகுலேட்டரை என்ன செய்வதென்று மந்திரிக்கும் தெரியவில்லை. கூடத்தில் தேங்கிய சூட்டைத்தான் விசிறி திரும்பத் திரும்பச் சுழற்றியது. முற்றத்தைத் திறந்துவிடலாமா என்று மட்டும்தான் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். மழை முடியட்டும் என்றார் அப்பா.

இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி உன்னை அழைத்துவந்த அன்றும் மழை முடிந்திருக்கவில்லை. அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தன. கடைசி ஷீட் கழன்றதும் மழை நேராக முற்றத்தில் விழுந்தது. வாசலிலிருந்து காற்று வந்தது, காலண்டரைப் படபடக்கவைத்தது, உன் கட்டிலைத் தாண்டிப் போய் முற்றம் வழியே ஏறியது. கண்ணை மூடி அதை முழுக்க வாங்கிக்கொண்டாய். பிறகு, சொட்டச் சொட்ட நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்.

"ஃபேனைக் குறைடா. அப்பாவுக்குக் குளிரும்."

முற்றம் இப்போதும் திறந்தேதான் இருக்கிறது. காக்கை எச்சத்தை அப்பாவே கழுவிவிடுகிறார். உன் கட்டிலில் படுக்கிறார். மின்விசிறி ஐந்தில், கம்பளி கழுத்துவரை.

இதை எழுத உட்காருமுன் அவர் தூக்கத்தில் தும்மினார். கையிலிருந்த குமிழைப் பொருத்தி, சத்தமில்லாமல் இரண்டுக்குத் திருப்பினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இருக்கட்டும்டா. அவளுக்குச் சுடும்."

மறுபடி ஐந்துக்கே திருப்பினேன். கம்பளியை இழுத்துவிட்டேன். பிறகு குமிழைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன், வேறு யாரும் வந்து குறைத்துவிடாதபடி.